ஒற்றைப் புரொஜெக்டரில் ஓடிய ஊர்: டூரிங் டாக்கீஸ் படம் காட்டிய முறை

தமிழ்ச் சினிமா வரலாறு என்று நாம் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் படம் எடுத்தவர்களின் வரலாறு. ஸ்டுடியோ முதலாளிகள், இயக்குநர்கள், நடிகர்கள், பாடலாசிரியர்கள் ஆகியோரைப் பற்றிப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தப் படங்களை யார், எங்கே உட்கார்ந்து, எத்தனை மாதம் கழித்து, எத்தனை இடைவேளையோடு பார்த்தார்கள் என்ற கேள்விக்கு அலமாரியில் இருப்பது சில புத்தகங்கள்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு மூன்று தலைமுறைகள் சினிமா பார்த்த இடம் டூரிங் டாக்கீஸ். மக்கள் அதை டெண்டு கொட்டகை என்றார்கள், கீற்றுக் கொட்டகை என்றார்கள். இன்று அதைப் பற்றி எழுதுகிறவர்கள் மணலைக் குவித்து உட்கார்ந்ததையும் முறுக்கு தின்றதையும் நினைவுகூர்ந்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அந்த நினைவுகள் உண்மையானவை. ஆனால் அவை எப்படி உண்டாயின என்று கேட்டால் உரிமச் சட்டம், ஒற்றை இயந்திரம், படப்பெட்டி ஊர்வந்து சேர்ந்த வரிசை ஆகிய மூன்றிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இவை சேர்ந்துதான் கிராமத்துக்கென்று தனியானதொரு சினிமாவை உருவாக்கின என்பது என் கருத்து. நகரம் பார்த்த அதே படத்தைக் கிராமமும் பார்த்தது என்று எடுத்துக்கொண்டு எழுதப்படும் ஆய்வுகள் அந்த அளவில் பிழையானவை.

தொடக்கத்தில் எல்லாச் சினிமாவுமே ஊர் சுற்றும் சினிமாதான். திருச்சியில் தென்னிந்திய ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். டுபான் ஊர் ஊராகப் படம் காட்டி வந்தவர். உடல்நலம் கெட்டு நாடு திரும்ப வேண்டியிருந்ததால் விற்றார். வின்சென்ட் வாங்கியவற்றில் இயேசுநாதர் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டு அவர் தெற்கிலிருந்து வடமேற்கு எல்லைப் பகுதி வரை படம் காட்டிக்கொண்டே போனார் என்பது இன்று நினைத்தாலும் வியப்பான செய்தி. சென்னை எஸ்பிளனேடில் அவர் போட்ட கூடாரத்துக்கு எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன் என்று பெயர். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதுவே பெயர். சென்னையில் ரகுபதி வெங்கையாவின் பாதையும் இப்படித்தான் போனது. முதலில் கூடாரத்தோடு பயணம், பிறகு கெயிட்டி திரையரங்கு. அவர்கள் இருவரும் கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். கூடாரம் அவர்களுக்குப் பிறகும் கிராமங்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. ஊமைப்படக் காலத்தில் திரைக்கருகே ஒருவர் நின்று, எழுத்து அட்டைகளை வாசித்துக் கதையை விளக்கிக்கொண்டிருப்பார். திரைப்பட வரலாற்றாளர் தியடோர் பாஸ்கரனின் நூல்கள் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கின்றன. 1931 அக்டோபரில் காளிதாஸ் வெளியாகிப் படம் பேசத் தொடங்கியதும் விளக்குபவருக்கு வேலை போயிற்று. கொட்டகையின் பெயரோடு டாக்கீஸ் என்பது ஒட்டிக்கொண்டது.

சட்டம் இந்த இடத்துக்கு என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1918இல் வந்த சினிமாட்டோகிராப் சட்டம் இரண்டு காரியங்களைச் செய்தது. படத்துக்குத் தணிக்கை, படம் காட்டும் இடத்துக்கு உரிமம். தணிக்கையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். உரிமத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஊமைப்படக் காலச் சென்னை மாகாணப் பார்வையாளரைப் பற்றி நெடுங்காலம் ஆய்வு செய்த மானுடவியலாளர் ஸ்டீபன் ஹியூஸ், காவல்துறையும் உரிம நடைமுறையும் படம் காட்டும் தொழிலை எப்படி வடிவமைத்தன என்பதைக் காட்டியிருக்கிறார். விடுதலைக்குப் பிறகு 1955இல் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும், 1957இல் அதற்கான விதிகளும் வந்தன. மாவட்ட ஆட்சியர் உரிமம் வழங்கும் அதிகாரி ஆனார். அந்த விதிகள் நிரந்தரத் திரையரங்கு வேறு, டூரிங் சினிமா வேறு என்று பிரித்தன. டூரிங் சினிமாவுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், அல்லது பிரித்துக்கொண்டு வேறிடம் போக வேண்டும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நாளைக்கு நிற்குமா என்று தெரியாத இடத்தில் யார் செங்கல் சுவர் எழுப்புவார்? மூங்கில், சவுக்குக் கம்பம், தென்னங்கீற்று, தட்டி, தரையில் ஆற்று மணல். எல்லாமே பிரித்து வண்டியில் ஏற்றக்கூடிய பொருள்கள். புரொஜெக்டர் இருந்த அறை ஒன்றுதான் ஓரளவு உறுதியாக, தீப்பிடிக்காத பொருளால் கட்டப்பட்டது. கிராமத்தான் தரையில் உட்கார்ந்து படம் பார்த்ததற்கு வறுமை ஒரு காரணம். உரிமத்தின் நிலையாமை இன்னொரு காரணம். பல கொட்டகைகள் ஊர் சுற்றுவதை நிறுத்தி ஒரே இடத்தில் பல்லாண்டுகள் நின்ற பிறகும் காகிதத்தில் அவை டூரிங் சினிமாவாகவே இருந்தன, தற்காலிகத்தின் வசதிக் குறைவுகளோடு.

அந்தக் கூரைக்கு உயிர்விலையும் இருந்தது. தூத்துக்குடியில் 1979 ஜூலையில் கூரைக் கொட்டகை ஒன்று காட்சி நேரத்தில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். கொட்டகைக் காலத்தைப் பொற்காலமாக எழுதும் கட்டுரைகளில் இந்தச் செய்தி வருவதில்லை. வர வேண்டும்.

இனி இயந்திரம். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். நொடிக்கு 24 சட்டகம் வீதம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி போகும். பதினாறாயிரம் அடி நீளமுள்ள தமிழ்ப்படம் ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஓடியது இந்தக் கணக்கில்தான். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம். நகரத் திரையரங்கில் இரண்டு புரொஜெக்டர்கள் இருந்தன. ஒன்றில் ரீல் முடியும் நொடியில் அடுத்தது ஓடத் தொடங்கும், பார்ப்பவருக்குத் தெரியாது. டூரிங் டாக்கீஸில் பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர். ரீல்களை ஒட்டிப் பெரிய ஸ்பூலில் சுற்றினாலும் ஒரு படத்துக்கு மூன்று நான்கு முறை விளக்கு எரிந்தே தீரும். படம் எடுத்தவர் வைத்த இடைவேளை ஒன்று. மற்றவை ஸ்பூல் தீர்ந்த இடத்தில் வந்தவை. அது கதாநாயகி அழுதுகொண்டிருக்கும் இடமாக இருக்கலாம், சண்டையின் நடுவாக இருக்கலாம்.

இந்த உடைப்புகளைக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த இடைவெளிகளில்தான் கடலை, முறுக்கு, சோடா, கலர் விற்பனை. விளம்பர சிலைடுகள் திரையில் விழுவதும் அப்போதுதான். இதையெல்லாம்விட முக்கியம், அப்போது கதை பேசப்பட்டது. அடுத்து என்ன ஆகும், வில்லன் பிடிபடுவானா, இவன் செய்தது நியாயமா என்று தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் வாதாடினார்கள். நம் படங்களில் கதை ஒரே ஓட்டமாகப் போகாமல் பாட்டும் நகைச்சுவையும் தனித்தனித் துண்டுகளாக வருவதைப் பற்றி விமர்சகர்கள் நெடுநாளாகக் குறைசொல்லி வருகிறார்கள். அந்த வடிவத்துக்கு நாடக மேடையும் கூத்தும் மூலம் என்பது சரி. எங்கே வெட்டுப்பட்டாலும் மீண்டும் சேர்ந்துகொள்ளக்கூடிய அந்த அமைப்பு, இப்படி விட்டுவிட்டுக் காட்டப்பட்ட இடத்திலும் சேதமில்லாமல் பிழைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒளி எங்கிருந்து வந்தது? இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே எரிந்த மின்வில்லிலிருந்து. குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியை ஆபரேட்டர் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கவனம் தப்பினால் திரை மங்கிப் பழுப்பேறும், கீழேயிருந்து விசில் கிளம்பும். மின்கம்பி எட்டாத ஊர்களில் ஆயில் இன்ஜினும் டைனமோவும் கொட்டகைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. வெப்பமும் புகையும் நிறைந்த அந்தச் சிறு அறையில் தினமும் இரண்டு ஆட்டம் நின்றே ஓட்டியவர்களின் வேலைத்திறன் பற்றி நம்மிடம் ஒழுங்கான ஒரு நூல்கூட இல்லாதது எனக்கு வருத்தம் தருவது. பகலில் கீற்றிடுக்கில் வெளிச்சம் புகுந்துவிடும் என்பதால் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பின்தான் படம். ஆகவே முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், அவ்வளவுதான். வயல்வேலை முடிந்து சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு இரண்டாம் ஆட்டம் தோதாக இருந்தது.

மூன்றாவது, பெட்டி. தமிழ்நாட்டுத் திரைப்பட வணிகம் விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. சென்னை நகரம், என்.எஸ்.சி. என்று சொல்லப்படும் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, பிறகு திருச்சி–தஞ்சை, மதுரை–ராமநாதபுரம், கோவை, சேலம், திருநெல்வேலி–கன்னியாகுமரி. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஏ, பி, சி என்று சென்டர்கள். பிரிண்டுகள் குறைவாக இருந்ததால் பெரிய ஊரில் ஓடித் தீர்ந்த பிரதிதான் பி சென்டருக்கும், அங்கிருந்து சி சென்டருக்கும் வந்தது. கொட்டகைகள் கடைசி வரிசை. ஒரே பெட்டியை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொள்ளும்போது ஓர் ஊரில் ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பையன் ஒருவன் அடுத்த ஊருக்கு மிதிப்பான். டயர் பஞ்சரானால் அங்கே இன்னோர் இடைவேளை.

இப்படிப் பல ஊர் கடந்து வந்த பிரதி எப்படி இருக்கும்? பல்சக்கரம் கடித்துக் கிழிந்த இடங்களை வெட்டி, பிலிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி ஒட்டியிருப்பார்கள். ஒவ்வோர் ஒட்டுக்கும் சில சட்டகங்கள் போகும். ரீலின் தலையும் வாலும் அதிகம் அடிபடும், ஆகவே அங்கே அதிகம் போகும். கீறல்கள் திரையில் மழைக்கோடுகளாக விழும். ஒலித்தடத்தில் கீறல் விழுந்தால் கரகரப்பு. நேரம் போதாதென்று சில இடங்களில் ஒரு பாட்டையே எடுத்துவிட்டு ஓட்டியதும் உண்டு. சென்னையில் முதல் வாரம் பார்த்தவர் பார்த்த படமும், பல மாதம் கழித்துக் கொட்டகையில் பார்த்தவர் பார்த்த படமும் பெயரளவில்தான் ஒன்று. பராசக்தி போன்ற படங்களின் அரசியல் விளைவை ஆராய்கிறவர்கள் படத்தின் வசனத்தை எழுத்துப் பிரதியில் வைத்துப் படிக்கிறார்கள். கிராமத்துக்கு வந்து சேர்ந்தது அதில் எவ்வளவு என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். வராத துண்டுகளை ஈடுசெய்யக் கிராமத்தில் வேறு வழிகள் இருந்தன. வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்று. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொல்லும் அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாங்கினால் தெருவே பாடும். ஒலிபெருக்கி இன்னொன்று.

ஒலிபெருக்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொட்டகை உச்சியிலோ பக்கத்து மரத்திலோ கட்டிய குழாயில் முதலில் பக்திப் பாட்டு போடுவார்கள். பல ஊர்களில் அது சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டு. அதைக் கேட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். சுற்றுவட்டாரத்தில் கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு அதுவே நேரம் சொல்லியது. படம் தொடங்கியதும் கீற்றுச் சுவர் ஒலியைத் தடுக்காது. டிக்கெட் வாங்காதவர்களும் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு வசனத்தை நாள்தோறும் கேட்டார்கள். ஒரு படம் மூன்று நாள் ஓடினால் ஆறு ஆட்டம், ஆறு முறை கேட்டாயிற்று. கிராமத்தில் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள் அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன். நீண்ட வசனங்கள் ஊர் மனப்பாடமானதற்கு இதுவும் ஒரு வழி. தமிழ்ச் சினிமா வசனச் சினிமாவாக இருந்தது பற்றிய விவாதங்களில் இந்தக் கேட்ட சினிமாவுக்கு இடம் வேண்டும்.

கொட்டகைக்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது பெரிய கேள்வி. ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தம் சிறு நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லாத் தமிழரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கு, அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சாதியடுக்கு அல்ல, கொடுக்கும் காசு என்பது அதன் சாரம். கோயிலும் கச்சேரி சபையும் எப்படி இருந்தன என்று நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். இந்தக் கருத்தை நான் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தரை, பெஞ்சு, நாற்காலி என்ற மூன்று வகுப்புகளும் காசால் பிரிந்தவைதான். ஆனால் கிராமத்தில் காசு யாரிடம் இருந்தது? நிலம் வைத்திருந்தவரிடம். நிலம் யாரிடம் இருந்தது என்று கேட்டால் சாதி திரும்பி வந்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தவரும் தரையில் உட்கார்ந்தவரும் பெரும்பாலும் பகலில் வரப்பில் நின்றவரும் வயலில் குனிந்தவருமாகவே இருந்தார்கள். ஆனாலும் தரை டிக்கெட் வாங்கியவர் திரைக்கு மிக அருகில் இருந்தார். விசிலும் கைதட்டும் அங்கிருந்துதான் எழுந்தன. நாற்காலிக்காரர் முதுகுகளைப் பார்த்தபடி அந்த ஆரவாரத்தினூடேதான் படம் பார்க்க வேண்டியிருந்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றி 1992இல் எழுதிய நூலில் ஏழைகளின் நாயகன் என்ற பிம்பம் எப்படிக் கட்டப்பட்டது என்று ஆராய்ந்தார். அந்தப் பிம்பத்துக்கு மறுமொழி சொன்ன குரல் தரையிலிருந்து வந்தது.

பெண்களுக்குத் தனிப்பக்கம் ஒதுக்கி, நடுவே இடுப்பளவுத் தடுப்பு வைத்திருந்தார்கள். பிரித்து வைத்ததைப் பாராட்டுவதற்கில்லை. ஆனால் அந்தப் பிரிவுதான் பல வீடுகளில் பெண்களை இரவில் வெளியே அனுப்பச் சம்மதம் பெற்றுத் தந்தது. ஆண் துணையில்லாமல் ஒரு தெருப் பெண்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்ப் பார்த்துப் பேசிக்கொண்டே திரும்பி வர ஊரில் வேறு எந்த இடம் இருந்தது? திருவிழாவைத் தவிர எதுவுமில்லை, அது ஆண்டுக்கு ஒருமுறை.

கொட்டகைகள் மறைந்ததற்குத் தொலைக்காட்சியைக் காரணம் சொல்வது எளிது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது, சன் டிவி 1993 ஏப்ரலில் வந்தது. இடையில் வீடியோ கேசட்டும் வந்தது. இவை அடித்தன, மறுக்கவில்லை. ஆழமான காரணம் விநியோகம் தலைகீழானது. நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஒரே நாளில் படத்தை வெளியிட்டு முதல் வாரத்திலேயே வசூலை எடுத்துவிடும் முறை வந்தபோது, பெட்டி படிப்படியாக இறங்கிவரும் ஏணியே இல்லாமல் போயிற்று. கொட்டகையின் முறை வருமுன் படம் கேபிளில் வந்துவிட்டது. பேருந்து பெருகியதால் பெரிய ஊருக்குப் போய்வருவதும் எளிதானது. கடைசியாக டிஜிட்டல். பியூஜி நிறுவனம் 2013இல் திரைப்படப் பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. பிலிம் பிரிண்ட் போடுவது நின்றதும் கார்பன் புரொஜெக்டர் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. தூசியில்லாத குளிரறை கேட்கும் டிஜிட்டல் கருவியைக் கீற்றுக்கடியில் வைக்க முடியாது.

இழப்பு என்ன என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜின் கூழாங்கல் 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. மதுரைப் பக்கத்து வறண்ட பூமியில், அந்த மண்ணின் வெயிலையே கதையாக்கிய படம் அது. 2023இல் அது நேராக ஓடிடி தளத்துக்குப் போயிற்று. அந்த வட்டாரக் கிராமம் ஒன்றில் நூறு பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு சின்னக் கொட்டகை இருந்திருந்தால் அந்தப் படத்துக்கும் அந்த ஊருக்கும் என்னவெல்லாம் நடந்திருக்கும்! பெரிய முதல் இல்லாத படங்கள் இன்று எடுக்கப்படுகின்றன. அவற்றைக் காட்டும் சிறிய இடங்கள்தான் இல்லை. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1980களில் ஒடேசா என்ற கூட்டமைப்பை உருவாக்கி, ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டி, 1986இல் அம்மா அறியான் படத்தை எடுத்தார்கள். எடுத்த படத்தையும் அப்படியே ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) கிளைகளும் சில திரைப்பட இயக்கங்களும் மண்டபங்களிலும் தெருக்களிலும் படம் காட்டி வருகின்றன. ஐம்பது அறுபது பேர் உட்காரும் ஊர்க் கொட்டகைக்கு எளிய உரிமமும் குறைந்த கட்டணமும் அரசு தந்தால் இந்த முயற்சிகளுக்கு நிலையான இடம் கிடைக்கும். இன்றைய கையடக்கப் புரொஜெக்டருக்குக் கார்பன் வேண்டாம், ஆயில் இன்ஜின் வேண்டாம். கல்யாண மண்டபமோ ஊராட்சிக் கட்டடமோ போதும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது, மிச்சமிருக்கும் ஆதாரங்களைக் காப்பது. 1927இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த சினிமா விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகள் அச்சில் இருப்பதால்தான் ஊமைப்படக் காலத்தைப் பற்றி இன்று ஆய்வு செய்ய முடிகிறது. டூரிங் டாக்கீஸுக்கு அப்படி ஒரு தொகுப்பு இல்லை. அதன் ஆதாரங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆட்சியர் அலுவலகங்களின் பதிவறைகளில் உரிமக் கோப்புகள், விநியோகஸ்தர் வீட்டுப் பரண்களில் டி.சி.ஆர். என்ற தினசரி வசூல் கணக்குகள், கொட்டகை முதலாளியின் பேரப்பிள்ளைகளிடம் பிட் நோட்டீஸ் கட்டுகள். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் என்றில்லாமல் தொகுத்து மொத்தமாக வரி கட்டிய கொட்டகைகளில் டிக்கெட் கணக்கு நம்பகமாக எழுதப்பட்டிருக்காது என்பதையும் ஆய்வாளர் மனத்தில் கொள்ள வேண்டும். அந்த இடைவெளியை ஆட்களின் வாய்மொழிதான் நிரப்பும்.

உரிமக் கோப்புகளைக் காலாவதியானவை என்று கழிப்பதற்கு முன் அவற்றை மாநில ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப அரசு ஆணையிட வேண்டும். பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடாமல், அச்சிட்ட சினிமாப் பொருள்களைப் பாதுகாத்துவரும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுங்கள். உங்கள் ஊரில் கொட்டகை இருந்த இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே புரொஜெக்டர் ஓட்டியவரும், டிக்கெட் கிழித்தவரும், பெட்டி தூக்கிச் சைக்கிள் மிதித்தவரும் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு இப்போது எழுபதோ எண்பதோ வயது. போனில் பதிவு செய்யும் வசதி எல்லோரிடமும் இருக்கிறது. எத்தனை இடைவேளை விட்டார்கள், எந்தப் பாட்டைப் போட்டார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று இந்த மாதமே போய்க் கேளுங்கள்.